சுவருக்குள் போவது முதலில், சுவரோரம் நிற்பது கடைசியில்: புதுவீட்டுத் தேர்வுகள், ஓர் ஒப்பீடு

புதுவீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "இரண்டில் எது?" என்ற வகையைச் சேர்ந்தவை. கூடத்துக்கு விட்ரிஃபைடு டைல்ஸா, கிரானைட்டா? கழிப்பறைக் கோப்பை சுவரில் தொங்கலாமா, தரையில்தான் நிற்க வேண்டுமா? சலவை இயந்திரத்துக்குக் கதவு முன்னால் இருப்பது நல்லதா, மேலே இருப்பது நல்லதா? கேள்விகளில் பிழையில்லை. கேட்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. ஃபிரிட்ஜின் நிறம்வரை முடிவாகியிருக்கும். குளியலறைச் சுவருக்குள் எந்த டைவர்ட்டர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) போகிறது என்று கேட்டால், "அதை பிளம்பர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள்.

ஃபிரிட்ஜ் பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பூசி மூடிய டைவர்ட்டர் பழுதானால் டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்த டைல்ஸுக்கு அதே நிறத்தில் மாற்று கிடைக்காவிட்டால் சுவர் முழுவதையும் உரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து "எது விலை குறைவு" என்று பார்ப்பது சரியல்ல.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தப் பொருளானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பின்னால் மாற்ற வேண்டி வந்தால் எதை உடைக்க வேண்டும்? ஸ்பானரால் கழற்றக்கூடியது என்றால் கொஞ்சம் துணிந்து மலிவானதை வாங்கலாம். சுத்தியல் வேண்டும் என்றால் கையைச் சுருக்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் வீட்டுத் தண்ணீர். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவர் முனைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி என்றால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. குழாயின் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் கரையும். பெட்டியின் மேல் "குறைந்தபட்ச அழுத்தம் 1 பார்" என்று அச்சிட்ட ஷவரை அந்தக் குழாயில் மாட்டினால் அது ஒழுகுமே தவிரப் பொழியாது. மற்றொன்று கடினத்தன்மை. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த தண்ணீர் சூடாகும் இடத்திலும் காய்ந்துபோகும் இடத்திலும் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். வாட்டர் ஹீட்டரின் ஆயுள், குழாயின் பளபளப்பு, கண்ணாடித் தடுப்பின் தெளிவு எல்லாமே இதைப் பொறுத்தவை. பொருள்களைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. முழங்கால் வலியுள்ள பெரியவர், தவழும் குழந்தை, நாய், பூனை, எல்லாரும் தரையையும் கழிப்பறையையும் பற்றிய முடிவை மாற்றக்கூடியவர்கள். கடைசியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவு: பசை, இணைப்புப் பூச்சு, ஓரப் பட்டை, வெட்டிக் கழியும் துண்டு, பம்ப், தனி மின்கம்பி, உதிரி பாகம். ஒவ்வொரு தேர்விலும் இவற்றைத் தனியே சொல்கிறேன்.

## தரை: ஐந்து பொருள்கள்

| | விட்ரிஃபைடு டைல்ஸ் | கிரானைட் | மார்பிள் | லேமினேட் | எஸ்பிசி (கல்தூள், பிவிசி) பலகை |
|---|---|---|---|---|---|
| தண்ணீர் | கிட்டத்தட்ட உறிஞ்சாது | குறைவாக உறிஞ்சும் | உறிஞ்சும் | நடுப்பலகை ஊதிவிடும் | பாதிப்பில்லை |
| மணல் கீறல் | மெருகிட்டதில் தெரியும் | நன்கு தாங்கும் | எளிதில் கீறும் | மேற்பூச்சின் தரத்தைப் பொறுத்தது | மேற்பூச்சின் தரத்தைப் பொறுத்தது |
| எலுமிச்சை, வினிகர் | பாதிப்பில்லை | பெரும்பாலும் பாதிப்பில்லை | மெருகு போகும் | உடனே துடைத்தால் பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| பழையதைப் புதுப்பிக்க | முடியாது, மாற்றத்தான் வேண்டும் | மெருகேற்றலாம் | மெருகேற்றலாம் | முடியாது | முடியாது |
| மறைந்த செலவு | பசை, இணைப்புப் பூச்சு | எடை, வெட்டுக்கூலி | மெருகு, காப்புப்பூச்சு | அடிவிரிப்பு, ஈரத்தடுப்பு | மட்டமான அடித்தளம் |

பெரும்பாலான வீடுகளுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ்தான் சரிவரும். அது 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சும். விட்ரிஃபைடு என்ற பெயருக்குள்ளேயே பல தரங்கள் இருக்கின்றன. "இதன் நிறம் எவ்வளவு ஆழம்?" என்று கடையில் கேளுங்கள். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். விளிம்பு சிதைந்தாலும் கண்ணில் படாது. டபுள் சார்ஜ் என்றால் மேல்பகுதியில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு நிற அடுக்கு இருக்கும். கிளேஸ்டு விட்ரிஃபைடு என்றால் மேலே மெல்லிய அச்சுப்பூச்சு மட்டுமே; மரம், மார்பிள் என்று எந்தத் தோற்றத்தையும் அதில் அச்சடித்துத் தரலாம், ஆனால் கனமான பாத்திரம் விழுந்து சில்லுத் தெறித்தால் உள்நிறம் எட்டிப் பார்க்கும். நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கும் மாடிப்படிக்கும் டபுள் சார்ஜ் அல்லது ஃபுல் பாடி. படுக்கையறைக்குக் கிளேஸ்டு போதும்.

வாங்கியதைவிட ஒட்டியதில்தான் டைல்ஸ் அதிகம் கெடுகிறது. தண்ணீரையே உறிஞ்சாத டைல்ஸ் வெறும் சிமென்ட் கலவையை எப்படிப் பிடிக்கும்? பெரிய அளவு டைல்ஸை வெறும் கலவையில் பதித்தால் அடியில் வெற்றிடம் நிற்கும். தட்டினால் பானை போல ஒலிக்கும். என்றாவது ஒருநாள் அந்த இடத்தில் விரியும். டைல்ஸ் பசையும், அதைப் பல்லுள்ள கரண்டியால் வரிவரியாக இழுத்துப் பரப்பத் தெரிந்த ஆளும் செலவுதான். அந்தச் செலவை டைல்ஸ் விலையோடு சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் கிரானைட்டோடு ஒப்பிட வேண்டும். பலர் கூட்டுவதில்லை, அதனால்தான் டைல்ஸ் எப்போதும் மலிவாகத் தோன்றுகிறது.

கிரானைட்டின் பலம் அதன் கனிமங்களில் இருக்கிறது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இரண்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் 6 முதல் 7 வரை வரும். செருப்போடு உள்ளே வரும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், அதன் அளவு 7. மார்பிளில் இருக்கும் கால்சைட்டின் அளவு 3. ஆகவே, வாசல் மணல் மார்பிளைக் கீறும், கிரானைட்டை அவ்வளவாகத் தொடாது. படிக்கட்டு, வாசல், சமையல் மேடை ஆகியவற்றுக்கு நான் கிரானைட்டைத்தான் சொல்வேன். இரண்டு எச்சரிக்கைகள்: வெளிர்நிறக் கிரானைட் எண்ணெயை உறிஞ்சிக் கறையாகும், காப்புப்பூச்சு வேண்டும். அட்டைக்கறுப்புக் கற்களில் சில, சாயம் ஏற்றியவை. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், துணி கறுத்தால் கல்லை விட்டுவிடுங்கள்.

மார்பிளை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அதன் ஆழமும் குளிர்ச்சியும் அச்சடித்த எந்த டைல்ஸிலும் வருவதில்லை. ஆனால் அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலே அந்த இடம் மங்கும். அது கறையல்ல, கல்லே கரைந்த தடம்; துடைத்தால் போகாது, மெருகிட்டால்தான் போகும். கழிப்பறை கழுவும் அமிலம் பட்டால் சொல்லவே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகேற்றும் செலவுக்கும் புழுதிக்கும் தயாராக இருப்பவர் கூடத்தில் போடலாம். சமையலறையிலும் குளியலறையிலும் வேண்டாம்.

மரத்தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வழிகள். லேமினேட்டின் நடுப்பகுதி அழுத்திச் செய்த மரத்தூள் பலகை; தண்ணீர் இணைப்புக்குள் இறங்கினால் விளிம்பு ஊதும், ஊதியது திரும்ப அமுங்காது. எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் தூளையும் பிவிசியையும் சேர்த்து அழுத்தியது. தண்ணீருக்கு அஞ்சாது, கரையானுக்கும் அஞ்சாது. ஆனால் அடித்தளம் மேடுபள்ளமாக இருந்தால் இணைப்புகள் முறியும். நாள் முழுவதும் வெயில் அடிக்கும் கண்ணாடிச் சன்னலுக்கு அருகே விரிந்து மேலெழும். மேல் அடுக்கில் உண்மை மரம் ஒட்டிய எஞ்சினியர்டு மரத்தரை ஒன்றும் உண்டு. அந்த அடுக்கு தடிமனாக இருந்தால் இழைத்துப் புதுப்பிக்கலாம். மூன்றுக்கும் சுவரோரம் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஓரப் பட்டையால் மறைக்க வேண்டும். பலகையைச் சுவரோடு முட்டவிட்டு வேலையை முடிப்பவர் இருந்தால் அவரை நிறுத்துங்கள். மாடிப் படுக்கையறைக்கு எஸ்பிசி. தரைத்தளத்தில் ஓதம் ஏறும் அறைக்கு மரம் சார்ந்த எதுவும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும், அறைக்கு அறை பொருள் மாறுகிறது என்றால் உயரக் கணக்கை முதலிலேயே கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். கிரானைட் 18 முதல் 20 மில்லிமீட்டர், டைல்ஸ் 8 முதல் 10, எஸ்பிசி 4 முதல் 6. அடித்தளம் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் போட்டிருந்தால் ஒவ்வொரு வாசலிலும் கால் தடுக்கும். டைல்ஸ் பெட்டிகளில் நிறத்தொகுதி எண்ணும் அளவு எண்ணும் அச்சிட்டிருக்கும்; எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். வெட்டிக் கழிவதற்குப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி, மிஞ்சியதில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். அதே வடிவம் சில ஆண்டுகளுக்குப் பின் சந்தையில் இருக்காது.

## குளியலறை

### தரை வழுக்கல்

இதைப் பொதுவான தரையோடு சேர்க்காமல் தனியே சொல்லக் காரணம் உண்டு. டைல்ஸின் வழுக்கல் தடுப்பை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிக்கிறார்கள். எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு ஒருவரை நடக்கவிட்டு அளப்பது அது. ஈரத்தில் வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு இருக்கிறது. குளியலறைத் தரைக்கு ஆர் 10-க்குக் குறையாமல் வாங்குங்கள். வெறுங்கால் தரம் கிடைத்தால் பி. ஆர் 13 வரை போக வேண்டாம், அழுக்கு அதன் சொரசொரப்பில் அடைந்து தேய்க்கத் தேய்க்கப் போகாது.

பெரிய டைல்ஸ் அழகு என்று குளியலறையிலும் போடுகிறார்கள். நீர்ப்போக்கி நடுவில் இருந்தால் தரை நான்கு பக்கமும் வாட்டம் கொள்ள வேண்டும். பெரிய டைல்ஸ் வளையாது, குறுக்காக வெட்டத்தான் வேண்டும். சிறிய டைல்ஸ் எந்த வாட்டத்துக்கும் இணங்கும், இணைப்புகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும். பெரியதுதான் வேண்டும் என்றால் சுவரோரம் நீளவாக்கில் ஓடும் நீர்ப்போக்கியைப் போட்டு ஒரே பக்கம் வாட்டம் கொடுங்கள். இணைப்புகளுக்கு எப்பாக்சி பூச்சு சிமென்ட் பூச்சைவிட விலை கூட. குளியலறையில் மட்டுமாவது அந்த விலையைக் கொடுக்கலாம். அது தண்ணீரையும் கறையையும் உள்ளே விடாது.

டைல்ஸ் போடும் முன் நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, தரையில் தண்ணீர் தேக்கிக் குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள். இந்த ஒன்றுக்கு மாற்றுத் தேர்வே கிடையாது, ஆகையால் ஒப்பிடவும் ஏதுமில்லை.

### கழிப்பறைக் கோப்பை: தொங்குவதா, நிற்பதா

சுவரில் தொங்கும் கோப்பைக்கு ஆதரவான வாதங்கள் வலுவானவை. அடியில் துடைப்பம் தடையின்றிப் போகும். கழிவுக்குழாய் சுவர்வழியே போவதால் தரைக்கான அளவுச் சிக்கல் குறையும். உயரத்தை நீங்களே முடிவு செய்யலாம். முழங்கால் வலியுள்ளவர் இருந்தால் இருக்கை மட்டம் 45 சென்டிமீட்டரைத் தாண்டும்படி, கோப்பையைத் தாங்கும் எஃகுச் சட்டத்தை ஏற்றிப் பொருத்தச் சொல்லலாம். "பாரம் தாங்குமா" என்ற அச்சம் தேவையில்லை: இந்த வகைக் கோப்பைகளை 400 கிலோ பாரம் ஏற்றிச் சோதிக்கும் ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது. தாங்காமல் போவது சட்டத்தைச் சரியாகப் பிணைக்காத சுவரில்தான். வெறும் அரைச்செங்கல் சுவரில் ஆணியடித்து மாட்டும் வேலை அல்ல இது. எஃகுச் சட்டம் தரையிலும் ஊன்ற வேண்டும்.

மறைந்த செலவு எங்கே? தொட்டி சுவருக்குள் இருக்கிறது. உள்ளே வால்வோ ரப்பர் வளையமோ தேய்ந்தால் ஃப்ளஷ் தகட்டைக் கழற்றி அந்தச் சிறு சன்னல் வழியாக மாற்றலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வால்வு அதே நிறுவனத்தின் அதே மாதிரியாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்தும் உதிரி பாகம் தரும் நிறுவனமா என்பதுதான் கேள்வி. பெயர் தெரியாத மலிவுத் தொட்டியைச் சுவருக்குள் புதைப்பதைவிட, நல்ல தொட்டியை வாங்கி அதன்மேல் மலிவுக் கோப்பையைத் தொங்கவிடுவது மேல். கோப்பை உடைந்தால் வேறு கோப்பை மாட்டலாம். போல்ட்டுகளுக்கிடையே 180 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது பரவலான அளவு.

தரையில் நிற்பதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தொட்டி கசிந்தால் உடனே தெரியும், மூடியைத் தூக்கினால் பழுதும் தெரியும், எந்த பிளம்பரும் சரிசெய்வார். சிக்கல் ஒன்றுதான்: கழிவுத்துளை தரையில் என்றால் எஸ் டிராப், சுவரில் என்றால் பி டிராப், எஸ் டிராப்பில் பூசி முடித்த சுவரிலிருந்து துளையின் மையம்வரை உள்ள தூரம் கோப்பைக்குக் கோப்பை வேறுபடும். குழாய் போட்ட பிறகு கோப்பை தேடினால் அந்தத் தூரத்துக்கு இருப்பதைத்தான் வாங்க முடியும், பிடித்ததை அல்ல. டைல்ஸின் தடிமனையும் அந்தத் தூரத்தில் கழிக்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள்.

என் கணிப்பு: சொந்தமாக வாழப்போகும் வீட்டில், பெரியவர்கள் பயன்படுத்தும் குளியலறைக்குத் தொங்கும் கோப்பை. வாடகைக்கு விடப்போகும் பகுதிக்கும், பழுதுபார்க்க ஆள் எளிதில் கிடைக்காத இடத்துக்கும் நிற்கும் கோப்பை. இரண்டிலும் இரட்டை ஃப்ளஷ் கட்டாயம். ஒருவர் நாளில் ஐந்து முறை போகிறார், அதில் ஒன்றுதான் முழு ஃப்ளஷ் என்றால், முழு ஃப்ளஷுக்கு 6, அரை ஃப்ளஷுக்கு 3 லிட்டர் விடும் தொட்டியில் 18 லிட்டர் செலவாகும். பத்து லிட்டர் கொட்டும் பழைய தொட்டியில் 50 லிட்டர்.

### ஷவர்: சுவருக்குள்ளா, வெளியிலா

விளம்பரப் படங்களில் எல்லாம் சுவருக்குள் மறைந்த டைவர்ட்டர்தான். ஒரு தகடு, ஒரு கைப்பிடி, மேலே அகன்ற மழை ஷவர். அழகுதான். அதற்குள் மூன்று கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஆழக்கணக்கு: டைவர்ட்டரின் உடல் பகுதியில் குறைந்த ஆழம், கூடிய ஆழம் என்று கோடிட்டிருக்கும், டைல்ஸ் போட்ட பிறகு மேற்பரப்பு அந்த இரண்டு கோடுகளுக்கிடையே வரவேண்டும். உள்ளே போனால் தகடு திருகு எட்டாது, வெளியே வந்தால் தகட்டுக்குப் பின்னால் இடைவெளி தெரியும். அழுத்தக்கணக்கு: தொட்டி மட்டும் உள்ள வீட்டில் இது பெரும்பாலும் பம்ப் வேண்டும் என்று பொருள், பம்ப் வந்தால் மின்செலவு, ஓசை, மின்தடையில் வறண்ட ஷவர். பொருத்தக்கணக்கு: வெளித்தகடும் உள்ளுடலும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொடராக இருக்க வேண்டும், பின்னாளில் வேறு நிறுவனத் தகட்டை அதன்மேல் மாட்ட முடியாது.

வெளியே தெரியும் மிக்சருக்கு இந்தத் தலைவலிகள் எதுவும் இல்லை. சுவரிலிருந்து வெந்நீருக்கும் தண்ணீருக்கும் இரண்டு முனைகள், மையத்துக்கு மையம் 150 மில்லிமீட்டர். இது பல நிறுவனங்கள் பின்பற்றும் அளவு. பழுதானால் ஸ்பானரால் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தினுடையதை மாட்டலாம். அழுத்தம் குறைந்த வீட்டில் மழை ஷவரை விட்டுவிட்டுச் சிறுமுனைக் கை ஷவரை வைத்தால் பம்பே தேவைப்படாமல் போகலாம். அழகில் ஒரு படி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். மறைந்த டைவர்ட்டர்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் அழுத்தத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், டைல்ஸ் போடும் முன் குழாய்களில் அழுத்தச் சோதனை செய்யாமல் சுவரை மூட விடாதீர்கள்.

### குழாய்கள்

பித்தளை உடல், செராமிக் தட்டுள்ள கார்ட்ரிட்ஜ் (குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பகுதி). இந்த இரண்டும் இருந்தால் வடிவத்தை உங்கள் விருப்பத்துக்கு விடலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த குழாயும் குரோமியம் பூசினால் அதே பளபளப்புத்தான், ஆனால் கடின நீரில் சீக்கிரம் அரிக்கும். 304 எஃகில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். அது பூச்சே இல்லாமல் நிற்கும், மங்கலான தோற்றம் பிடித்தவர்களுக்கு நல்ல தேர்வு. கறுப்புக் குழாய்கள் இப்போது எங்கும் தென்படுகின்றன. அவற்றில் சாயப்பூச்சு உரியும், பிவிடி முறையில், அதாவது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு நெடுநாள் நிற்கும். எதுவானாலும் கடின நீரின் வெள்ளைப் புள்ளி கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும்.

வாஷ்பேசினில் ஓர் அளவை மட்டும் பாருங்கள்: மேசைமேல் வைக்கும் கிண்ணவகை என்றால் மேசையைத் தாழ்த்தி, விளிம்பின் மட்டம் தரையிலிருந்து 85 சென்டிமீட்டருக்கு அருகில் வரும்படி செய்ய வேண்டும். வழக்கமான மேசை உயரத்தில் கிண்ணத்தை வைத்தால் குழந்தைக்கும் எட்டாது, பெரியவருக்கு முழங்கை வழியாகத் தண்ணீர் வழியும்.

## மின்கருவிகள்

### வாட்டர் ஹீட்டர்: உடனடியா, சேமிப்பா

இங்கே கணக்கு போட்டால் விவாதம் முடிந்துவிடும். மூன்று கிலோவாட் உடனடி ஹீட்டர், தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தரமுடியும். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் கொட்டும் ஷவருக்கு அதே சூட்டில் எட்டரை கிலோவாட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். சாதாரண வீட்டு இணைப்புக் கம்பி அதைத் தாங்காது. ஆகவே சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கைகழுவவும் உடனடி வகை பொருந்தும், ஷவருக்குப் பொருந்தாது.

15 லிட்டர் சேமிப்பு ஹீட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, இரண்டு கிலோவாட் சுருளுக்கு 18 நிமிடம் பிடிக்கும். அந்த வெந்நீரைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறத்தாழ 35 லிட்டர். வாளியில் குளிப்பவருக்கு இது தாராளம். மழை ஷவரின் கீழ் நிற்பவருக்கு நான்கு நிமிடம்தான். அடுத்தடுத்து இரண்டு பேர் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்குங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. கடின நீருள்ள வீட்டில் அதைச் சோதித்து மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நாள் முழுவதும் வெந்நீர் வேண்டிய பெரிய குடும்பத்துக்கு வெப்பப் பம்ப் வகை இருக்கிறது: ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம். வாங்கும் விலை கூட, இடமும் காற்றோட்டமும் வேண்டும். எரிவாயு ஹீட்டரை மட்டும் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆள் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

### சலவை இயந்திரம்: முன்கதவா, மேல்மூடியா

முன்கதவு இயந்திரம் பாதித் தண்ணீரில் துவைத்துவிடும். துணியை உருட்டி விழவைத்துத் துவைப்பதால் துணி குறைவாக நைகிறது. நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்று வரை பிழிவதால் சீக்கிரம் காயும். தண்ணீரைத் தானே சூடாக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. ஆனால் ஒரு சுற்று முடிய நேரம் அதிகம், குனிய வேண்டும், கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்து உலரவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மேல்மூடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். ஆனால் நடுவில் மறந்துபோன சட்டையைப் போடலாம், இடுப்பு வலிக்காது, விலையும் குறைவு. தண்ணீர்த் தட்டுப்பாடும் ஈர வானிலையும் உள்ள வீட்டுக்கு முன்கதவு. முதுகுவலி உள்ளவருக்கு மேல்மூடி, இல்லையேல் முன்கதவு இயந்திரத்துக்கு அடியில் உயரமான மேடை.

இரண்டில் எது என்பதைக் கடைசி வாரத்தில்கூட முடிவு செய்யலாம். அதற்கான இடத்தை இப்போதே தயார் செய்ய வேண்டும்: எர்த் உள்ள 16 ஆம்பியர் முனை, தனிக்குழாய், 60 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் கழிவுநீர்க் குழாயின் வாய். அந்த வாய் தரைமட்டத்தில் இருந்தால் முன்கதவு இயந்திரத்துக்குள் நிரம்பும் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும். இயந்திரத்தில் பழுது என்று அலைவார்கள், பழுது குழாயில் இருக்கும்.

### அடுப்பு: எரிவாயுவா, இண்டக்‌ஷனா

இண்டக்‌ஷனில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. சமையலறை சூடேறாது, மேற்பரப்பைத் துடைத்தால் வேலை முடிந்தது. எரிவாயுச் சுடரில் பெரும்பகுதி வெப்பம் பாத்திரத்தின் பக்கவாட்டில் வீணாகிறது, எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடும் வெளிவருகிறது. ஆனால் இண்டக்‌ஷனின் விலைச்சீட்டில் இல்லாதவை பல. காந்தம் ஒட்டாத பாத்திரம் எதுவும் அதில் வேலை செய்யாது: அலுமினியம், செம்பு, மண் எல்லாம் ஒதுங்க வேண்டும், குழிந்த அடியுள்ள வாணலியும் சரிவராது. நான்கு இடமுள்ள 7 கிலோவாட் அடுப்பு, 230 வோல்ட்டில் முப்பது ஆம்பியர் இழுக்கும்; அதற்குத் தனிக் கம்பியும் தனி எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) சுவர் பூசும் முன்னரே வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் இரண்டு எரிவாயு பர்னரும் ஒரு இண்டக்‌ஷனும் கலந்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. எரிவாயுவையே முழுவதும் தேர்ந்தாலும் அந்த மின்கம்பியை இழுத்து வைத்துவிடுங்கள். கம்பி இப்போது சில்லறைச் செலவு, பின்னால் சுவர் உடைப்பு.

புகைபோக்கியில் வெளியே குழாய்விட்டுத் தள்ளும் வகை, கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்கே திருப்பும் வகை என்று இரண்டு. எண்ணெய்ப் புகை அதிகம் எழும் சமையலுக்கு முதலாவதுதான். சுவரில் 150 மில்லிமீட்டர் துளையை முதலிலேயே விடுங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைத் தின்னும் என்பதால் துளை அடுப்புக்கு நேர் பின்னால் இருப்பது நல்லது. கரி வடிகட்டி, துளையே போடமுடியாத சுவருக்கு மட்டும். அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

### குளிர்சாதனமும் ஃபிரிட்ஜும்

இவற்றில், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரா, முழுவேகத்தில் ஓடி ஓடி நிற்கும் சாதாரணமா என்பது பயன்பாட்டு நேரத்தைப் பொறுத்தது. ஃபிரிட்ஜ் இரவும் பகலும் ஓடுவதால் இன்வெர்ட்டர். எப்போதாவது விருந்தினர் தங்கும் அறையின் ஏசிக்குச் சாதாரணமே போதும்; தினமும் இரவு முழுவதும் ஓடும் அறைக்கு இன்வெர்ட்டர். ஏசியை அடுத்த கோடைக்கு வாங்கினாலும் செம்புக் குழாயின் வழியையும், நல்ல வாட்டத்தோடு கூடிய கழிவுநீர்க் குழாயையும் சுவரில் இப்போதே விட்டுவிடுங்கள். அந்தச் சொட்டுநீர்க் குழாயை மறந்த வீடுகளில் சன்னல் ஓரமாக வெள்ளைக் குழாய் ஒன்று ஆயுள் முழுக்கத் தொங்கும்.

ஃபிரிட்ஜைக் கடைசியாக வாங்குங்கள். மாடம் கட்டி அதற்குள் வைப்பதானால் பின்னாலும் பக்கங்களிலும் காற்றோட்டத்துக்குக் கையேடு கேட்கும் இடைவெளி இருக்க வேண்டும். கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் உள்தட்டுகள் வெளியே வரும் என்பதால் பக்கச்சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. கிளம்பும் முன் சமையலறை வாசலின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும் அளந்து, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.